சட்டைத்துண்டும் திரியாய்க் கரையும்

ஐயா, இந்தக் கதிரைக்கு ஒரு கால் கட்டை. விற்றவன் இதைச் சுவரோடு சாத்தி வைத்துத்தான் உங்கள் ஆட்களுக்குக் காட்டியிருப்பான். குறை பிடிப்பதற்காகச் சொல்லவில்லை. கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு ஒரு பொருளைக் கண்டதும், அதை எந்தப் பக்கமாகத் திருப்பி விற்றார்கள் என்பதுதான் முதலில் கண்ணில் படும். ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் போதும். நான் ஆடாமல் இருந்து சொல்கிறேன், நீங்கள் ஆறுதலாக எழுதுங்கள்.

பெயர் தனஞ்சயன். வயது முப்பத்து நான்கு. வீடு அன்புவழிபுரத்தில். தொழில், கணினி. தகப்பனார் திருகோணமலையில் புடவைக்கடை வைத்திருந்தவர். கடைசியாகச் சொன்னதையும் எழுதுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

அப்பாவுக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, விலையைச் சொன்னபிறகு அவர் பேசமாட்டார். சொல்லிவிட்டுச் சேலையை மடிக்கத் தொடங்குவார். வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், தங்களுக்குள் கிசுகிசுப்பார்கள். அப்பா மடித்துக்கொண்டே இருப்பார். ஒரு கூறைச்சேலையை அவர் கால்மணித்தியாலம் மடித்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவர்களே வாய் திறப்பார்கள். வாய் திறந்தால் விலை அப்பாவுடையது. பக்கத்துச் செருப்புக்கடை முனாஸ் நானா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உங்கட அப்பா மடிக்கிறதப் பாத்தா எனக்கே ஒரு சேலை எடுத்து உடுக்கணும் போல இருக்கு" என்பார்.

மற்றது, கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர்களின் பொதியில், சேலையோடு போகவேண்டிய ஒரு சட்டைத்துண்டை வைக்க அவர் மறந்துவிடுவார். எப்போதும் மறந்துவிடுவார். அடுத்த நாள் அவர்கள் அவசரமாகத் திரும்பி வருவார்கள். அப்பா தலையில் கை வைப்பார், சோடா உடைத்துக் கொடுப்பார், துண்டைப் பத்திரமாக எடுத்து நீட்டுவார். அவர்களுக்கும் மனம் இளகி, வந்ததுதான் வந்தோம் என்று இன்னும் இரண்டு சேலை பார்ப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் அவர்கள் எங்கள் வாசலை மறந்துவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம். இதனால் எந்தக் கல்யாணமும் நின்றதில்லை. தேவையென்றால் முனாஸ் நானாவைக் கேளுங்கள், இன்னும் இருக்கிறார்.

இனிச் சங்கத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். மாவட்டத்தின் பதினொரு கரைகளில் உள்ள சிறுபடகுக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம் அது. அலுவலகம் துறைமுகப் பக்கம், மாடியில். சில வருஷங்களுக்கு முன் ஒரு வாடைக்காலத்தில் இரண்டு படகுகள் போன இடம் தெரியாமல் போனபிறகு, ஒவ்வொரு படகிலும் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பூட்டினார்கள். படகு எங்கே நிற்கிறது என்று அது கால்மணிக்கொரு தடவை சொல்லும். அதில் சிவப்பாக ஒரு பொத்தான். ஆபத்தென்றால் அமத்தவேண்டும். அமத்தியதும் செய்தி அந்தக் கரையின் தரவுத்தளத்தில் விழுந்து, அங்கிருந்து அலுவலகத் திரைக்கு வரும். திரை சிவக்கும், மணி அடிக்கும். திரைக்கு முன்னால் இருக்கிறவர் கடற்படைக்கும் அருகில் நிற்கும் படகுகளுக்கும் அறிவிப்பார்.

பகலில் திரைக்கு முன்னால் இருப்பவள் தயாளினி. திரியாய்ப் பெண். அவளுடைய புருஷன் இராகுலன் திரியாய்க் கரையில் படகு வைத்திருந்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மறைத்ததாக இருக்கக்கூடாது.

பதினொரு கரையிலும் பதினொரு பழைய கணினிகள். உப்புக்காற்றில் எல்லாம் இறந்துகொண்டிருந்தன. ஈச்சிலம்பற்றில் ஒன்றைத் திறந்தபோது உள்ளே ஒரு நண்டு குடியிருந்தது, என்னைவிட உரிமையோடு. அவை எல்லாவற்றிலும் உள்ள தரவுகளைக் கிளவுட்டுக்கு மாற்றித் தரும்படி என்னைக் கூப்பிட்டார்கள்.

நீங்கள் நேற்று இந்த இடத்தில் தடுமாறினீர்கள், அதனால் லேசாகச் சொல்கிறேன். ஒரு தாங்கியிலிருந்து இன்னொரு தாங்கிக்குத் தண்ணீர் விடுகிறீர்கள் என்று வையுங்கள். குழாய்க்கு அங்கே ஒரு வாய், இங்கே ஒரு வாய். அந்த வாயைத்தான் நாங்கள் எண்ட்பொயின்ற் என்கிறோம். ஒவ்வொரு வாய்க்கும் முகவரி, பெயர், கடவுச்சொல் எல்லாம் கொடுத்து, பொருந்துகிறதா என்று பார்த்துத் திறக்கவேண்டும். திறந்தால் முதலில் தாங்கியில் கிடக்கிற தண்ணீர் முழுக்க ஒரே தடவையில் வந்து சேரும். அதற்குப் பிறகு, அங்கே புதிதாக விழுகிற ஒவ்வொரு சொட்டும் விழுந்த கையோடு இங்கே வந்துகொண்டே இருக்கவேண்டும். இந்த இரண்டாவதில்தான் உயிர் இருக்கிறது.

கையால் செய்தால் ஒரு கரைக்கு ஒரு நாள் போகும். முதல் இரண்டு கரைகளை அப்படித்தான் முயன்றேன். ஒரு எழுத்துப் பிசகினால் திரும்ப அடியிலிருந்து. மூன்றாவது நாள் அலுத்துப்போய் ஒரு ஸ்கிரிப்ற் எழுதினேன். ஒரு பட்டியல், அதில் பதினொரு வரி, வரிக்கு ஒரு கரை. ஸ்கிரிப்ற் ஒவ்வொரு வரியாக வாசித்து, இரண்டு பக்க வாய்களையும் தானே செய்து, தானே பொருத்திப் பார்த்து, தானே திறந்துவிடும். பதினொரு கரைக்கும் பதினான்கு நிமிஷம். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் அதுதான் வடிவானது. இப்போதும் அதில் ஒரு பிழை காட்ட உங்களால் ஏலாது.

வியாழக்கிழமை அதைச் சங்கத்தில் ஓட்டிக் காட்டினேன். செயலாளர் இராசதுரை ஐயா பக்கத்தில் வந்து நின்றார். அவர் முன்பு கரையில் வாடி வைத்து மீன் வாங்கி விற்றவர். அவரும் எங்களைப்போல வியாபாரம் செய்த ஆள்தான் என்பதை நான் அந்த நேரம் மறந்துவிட்டேன்.

"என்ன தம்பி, தேத்தண்ணி ஆற முதல் முடிஞ்சுதே?"

"ஓம் ஐயா."

"அப்ப இதை ஆரும் அமத்தலாமோ?"

"ஆரும் அமத்தலாம் ஐயா."

பெருமையில் சொன்னது. சொல்லி முடிக்க முதலே விளங்கிவிட்டது. கேட்காத விலையை நானே சொல்லி, மடிக்காமலே பொதி கட்டிக் கையில் கொடுத்துவிட்டேன்.

"பிறகென்ன," என்றார் அவர். "இனித் தயாளினியே அமத்துவாள். உமக்கும் கரைச்சல் இல்லை, எங்களுக்கும் கரைச்சல் இல்லை."

"ஏதும் தேவையெண்டாக் கூப்பிடுங்கோ."

"தேவை வராது தம்பி. நீர் அவ்வளவு திறமாச் செய்திருக்கிறீர்."

தயாளினி வடைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சிரித்தாள். "பாவம் தனஞ்சயன் அண்ணை. தன்ர வேலைக்குத் தானே கிடங்கு வெட்டிப்போட்டு நிக்கிறார்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பகிடிக்காக எனக்கு அவள்மேல் கோபம் எதுவும் இருக்கவில்லை. நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசி ஓட்டம். ஒத்திகைக்குத் திறந்த வாய்களை எல்லாம் மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கவேண்டும். அதற்குப் பிறகு திரை பழைய கணினிகளைப் பார்க்காது, கிளவுட்டை மட்டும்தான் பார்க்கும். ஓட்டுவதற்கு முன் பட்டியலில் ஒரு வரியின் தொடக்கத்தில் ஒரு சின்னக் குறி போட்டேன். வேலிப் படலை மாதிரி ஒரு குறி. அது நிற்கிற வரியை ஸ்கிரிப்ற் எட்டிப்பார்க்காமல் தாண்டிப் போய்விடும். தாங்கியில் கிடந்தது முழுக்க வியாழக்கிழமையும் வெள்ளி மத்தியானமும் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு கரையின் புதுச் சொட்டு மட்டும் இனி வராது. அந்தக் கரை திரியாய்.

ஏன் திரியாய் என்றால், அங்கேதான் படகுகள் ஆகக் குறைவு. பத்தொன்பது. ஈச்சிலம்பற்றில் ஐம்பதுக்கு மேல். யாருக்கும் இடைஞ்சல் கூடாது என்று நான் யோசித்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? சனிக்கிழமை காலையில் தயாளினி பார்ப்பாள், ஒரு கரை அசையவில்லை என்று செயலாளருக்குச் சொல்வாள், செயலாளர் என்னைக் கூப்பிடுவார், நான் போய்த் தலையில் கை வைப்பேன், குறியை எடுப்பேன். கூடினால் இரண்டு மணித்தியாலம். பொதியில் சட்டைத்துண்டு ஒன்று குறைகிறது, அவ்வளவுதான்.

ஓடி முடிந்ததும் ஸ்கிரிப்ற் ஒரு அறிக்கை தரும். அது உள்ளதைத்தான் சொல்லும், பத்துக் கரை சரி என்று. அந்த வசனத்தையும் முதலே மாற்றி வைத்திருந்தேன். பதினொன்றும் சரி என்று வந்தது. செயலாளர் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். இந்தச் சின்ன விஷயத்தை நேற்றுச் சொல்ல மறந்துவிட்டேன். சேர்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. தயாளினி.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. திரியாய்ப் போட்டெல்லாம் இன்னும் கரையில நிக்குதெண்டு காட்டுது. இவர் விடியக்காலமை தன்ர தம்பியையும் வலை இழுக்கிற பாயிஸையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர். நான் சாப்பாடு கட்டிக் குடுத்திட்டுத்தான் பஸ் எடுத்தனான்."

"அது புதுசுதானே தங்கச்சி. பழக ஒரு நாள் எடுக்கும்."

"அப்ப பொத்தானை அமத்தினா வருந்தானே?"

"வரும், வரும்."

"சரி அண்ணை. நீங்கள் சொன்னாச் சரிதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நேற்றைக்கும் வடை வாங்கினது, மிச்சம் கிடக்கு, எலி தின்ன முதல் வாங்கோ" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தாள்.

அவள் செயலாளருக்குச் சொல்லியிருக்கவேண்டும். எனக்குச் சொன்னால் நான் என்ன செய்வது? அவளோடு எனக்குப் பேரம் இல்லையே. பேரம் செயலாளரோடு. அவர் கூப்பிடவில்லை. நான் காத்திருந்தேன்.

காத்திருந்தேன் என்றால் சும்மா இருக்கவில்லை. திரியாய்ப் பழைய கணினிக்குள் என் மடிக்கணினியிலிருந்து போய், அதைத் திறந்தபடியே வைத்திருந்தேன். அப்பாவும் மறந்து வைத்த துண்டைக் கண்பட்ட இடத்தில்தான் வைத்திருப்பார். பத்தொன்பது படகுகளும் கடலில் ஊர்ந்து திரிவதை என் வீட்டு மேசையிலிருந்து பார்த்தேன். அந்த நேரம் அவற்றைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். சங்கத்துத் திரையிலே அவை எல்லாம் பச்சையாக, வெள்ளிக்கிழமை நின்ற கரையிலேயே நின்றன.

மத்தியானம் இரண்டு பதினாலுக்கு ஏழாம் இலக்கப் படகு பொத்தானை அமத்தியது.

ஏழாம் இலக்கம் யாருடையது என்று எனக்குத் தெரியும். பெயர்ப்பட்டியலை ஏற்றியதே நான்தானே. ஆனால் ஐயா, அந்தப் பொத்தான் கைபட்டும் அமரும், முழங்கை பட்டும் அமரும். ஒருமுறை ஒருவர் அதன்மேல் சாப்பாட்டுப் பார்சலை வைத்துவிட, அவருக்குப் பசி வரும்வரை மணி அடித்தது. அதனால் பொறுத்தேன். இரண்டு பதினைந்துக்கு இன்னொன்று. இரண்டு பத்தொன்பதுக்கு இன்னொன்று. இரண்டரை ஆகும்போது காற்று எழும்பி எங்கள் முருங்கையை மதிலோடு சாய்த்தது. வெளியே போய்க் கொடியில் கிடந்த உடுப்புகளை எடுத்து உள்ளே போட்டேன். திரும்பி வரும்போது ஆறு சிவப்பு.

குறியை எடுத்து ஸ்கிரிப்ற்றை ஓட்ட நாற்பது விநாடி போதும். அளந்திருக்கிறேன். நீங்கள் நேற்று இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நியாயமான கேள்விதான், நியாயமாகவே பதில் சொல்கிறேன். வீட்டில் இருந்தபடி நான் அதை எடுத்திருந்தால் திரை தானாகச் சிவந்திருக்கும். மணி தானாக அடித்திருக்கும். எல்லாரும் என்ன சொல்வார்கள்? பார், தம்பி எழுதினது எவ்வளவு திறமாக வேலை செய்கிறது, இனி அவர் தேவையே இல்லை என்பார்கள். நானே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாலோ, உமக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இரண்டு பக்கத்தாலும் துண்டைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வருவதுதான். கடை அப்படி நடத்த ஏலாது.

தொலைபேசியை முழுதாக மின்னேற்றி மேசையில் வைத்திருந்தேன். அது செயலாளருக்காக. மூன்று ஐந்துக்குத் தயாளினி அடித்தாள். மூன்று ஏழுக்கும் அடித்தாள். எடுக்கவில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு தடவை பதில் சொல்லப்போனால் சொல் மாறும். பிறகு ஒரு செய்தி போட்டாள்: "அண்ணை இங்க காத்து கூட. திரியாய் ஒருக்கா பாப்பீங்களோ." பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியாக அமத்தியது மூன்று ஐம்பத்திரண்டுக்கு. மொத்தம் பதினேழு தடவை. அதன்பிறகு ஏழாம் இலக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை, எங்கே நிற்கிறது என்ற செய்திகூட. மற்றப் பதினெட்டுப் படகும் ஒவ்வொன்றாகக் கரைக்கு ஏறுவதைக் கண்டேன். அது மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

ஐந்து நாற்பதுக்குச் செயலாளர் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க நிக்கிறீர்? உடன வாரும். திரியாயில எல்லாரும் வந்திட்டினம், இராகுலன்ர போட்டைக் காணேல்ல. திரையில அது கரையில நிக்குது. இவள் பிள்ளை ஓவெண்டு அழுகிறாள். நீர் இல்லாமல் ஏலாது."

ஐயா, நான் பொய் சொல்லப்போவதில்லை. அந்தக் கடைசிச் சொல் காதில் விழுந்தபோது எனக்கு உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது. வியாழக்கிழமையிலிருந்து மடித்துக்கொண்டிருந்த சேலை அது.

"ஐயா, அப்ப இனி இதை நான்தான் தொடர்ந்து பாக்கவேணும் போல கிடக்கு," என்றேன்.

"ஓம் ஓம், நீர்தான் பாரும். ஆர் வேண்டாமெண்டது? கெதியா வாரும்."

வீட்டிலிருந்தே செய்திருக்கலாம்தான். ஆனால் செய்தது யார் என்று தெரியவேண்டுமே. மோட்டார் சைக்கிளில் போனேன். மழையும் காற்றுமாக இருபத்தைந்து நிமிஷம் எடுத்தது. படியேறிப் போய், எல்லாரும் பார்க்கத் தலையில் கை வைத்து, இருந்து, குறியை எடுத்தேன்.

பதினேழு சிவப்பும் ஒரே மூச்சில் விழுந்தன. மணி நிற்காமல் அடித்தது. யாரோ அதை நிற்பாட்டினார்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அமத்திய நேரம் இருக்கும். தயாளினி திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு போனாள், பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு வாசிப்பதுபோல. இரண்டு பதினாலு. இரண்டு பதினைஞ்சு. கடைசி வரிக்கு வந்ததும் அழுகையை நிற்பாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணை, இது இப்ப வந்ததோ, அப்பவே வந்ததோ?"

"இப்பதான் வந்தது தங்கச்சி," என்றேன். திரைக்கு வந்தது அப்போதுதான். அதில் பொய் இல்லை.

மிச்சம் உங்கள் கோப்பில் இருக்கிறது. ஞாயிறு காலை பாயிஸைப் புல்மோட்டைப் பக்கத்துப் படகுக்காரர் எடுத்தார்கள், எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி. இராகுலனின் தம்பி திங்களன்று பிணமாகக் கரை ஒதுங்கினான். இராகுலன் இன்னும் இல்லை. பாயிஸின் வாக்குமூலத்தை நீங்கள் நேற்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். படகு கவிழ்ந்தபிறகும் கருவி பூட்டிய பக்கம் தண்ணீருக்கு மேலே நின்றதாம். இராகுலன் ஒரு கையால் தொங்கிக்கொண்டு மற்றக் கையால் அமத்துவானாம். ஒவ்வொரு தடவையும், "அவள் திரைக்கு முன்னாலதான் இருக்கிறாள், இப்ப கண்டிருப்பாள்" என்பானாம். அந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை வாசித்தீர்கள். ஒரு தடவையே எனக்கு விளங்கிவிட்டது.

யார் உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வந்தார் என்பதைத் திரியாய்ப் பழைய கணினி எழுதி வைத்திருக்கிறது. காலை எட்டிலிருந்து பின்னேரம் ஐந்தே முக்கால் வரை என் பெயர் மட்டும். அந்தக் காகிதத்தை நீங்கள் மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். நிமிர்த்தலாம். நான் மறுக்கவில்லை. குறியைப் போட்டது நான். அறிக்கையை மாற்றியது நான். பதினேழையும் ஒவ்வொன்றாக, விழ விழ, பார்த்தது நான்.

கையெழுத்துப் போடுகிறேன், பேனையைத் தாருங்கள். ஆனால் நாலாம் பக்கத்தில் ஒரு திருத்தம் வேண்டும். மூன்று உயிரைப் பணயம் வைத்து நான் வேலை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. கூப்பிட்டது செயலாளர். ஏலாது என்று சொன்னதும் அவர். வெட்டிவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் ஐயா: அவர்தான் முதலில் பேசினார், அதுவரைக்கும் வேலையைப் பற்றி நான் எவரிடமும் வாயே திறக்கவில்லை.